பன்னிரண்டு உலாவிகளும் ஒரு நெற்றிப்பட்டையும்

கோபிசெட்டிபாளையம் மிருதுளாவுக்கு ஐம்பத்தேழாவது வயதில் ஒரு கவலை வந்தது. புருஷன் இணையம் பார்க்கிற உலாவியை மாற்றப்போகிறாரே என்பதுதான் அந்தக் கவலை. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், அப்புறம் சொல்கிறேன்.

இது இன்னும் நாற்பது வருஷம் கழித்து நடக்கிற சங்கதி. மிருதுளா, லோகேஷ், ஹரிணி என்றெல்லாம் பெயர் வைத்திருந்தால் 'ஓ, வயசானவங்களா' என்று ஜனங்கள் எழுந்து இடம் கொடுக்கிற காலம். அப்போது செல்போன் எல்லாம் போய்விட்டது. மூக்குக்கண்ணாடிதான் சகலமும். அதை மாட்டிக்கொண்டால் கண்ணெதிரே எழுத்து ஓடும், காதோரக் கம்பி பேசும். நம்மை இணையத்துக்குள் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற உலாவி அந்தக் கண்ணாடிக்குள் குடியிருக்கும். துவரம் பருப்பு எந்தக் கடையில் மலிவு, முட்டிவலிக்கு எந்த டாக்டர், எந்தச் செய்தி முதலில் கண்ணில் பட வேண்டும், எது படவே கூடாது, எல்லாம் அது வைத்ததுதான் வரிசை.

கண்ணாடி செய்கிற கம்பெனியே 'அன்னம்' என்ற தன் உலாவியை உள்ளே போட்டு விற்றது. வேறு பதினோரு உலாவிகள் இருந்தன. தோணி, தேனீ, மைனா, வெட்டுக்கிளி என்று நல்ல நல்ல பெயர்கள். யார் சீண்டினார்கள்? நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் அன்னத்தோடேயே காலம் தள்ளினார்கள். பிடித்துப்போய் அல்ல. வாங்கும்போதே இருந்தது, அதனால் இருந்தது.

பதினோரு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜனங்களுக்கு நியாயமான தேர்வைக் கொடு என்று கோர்ட் சொன்னது. அதற்காக நியாயத் தேர்வு ஆணையம் என்று ஒன்று பிறந்தது. கோபியில் பழைய தாலுகா ஆபீஸ் கட்டிடத்தில் அதன் நிலையத்தைத் திறந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆண்கள், வியாழக்கிழமை பெண்கள். மாதக் கடைசிக்குள் வந்து தேர்வு செய்யாதவர்களின் கண்ணாடி வெறும் கண்ணாடியாகிவிடும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அந்த நிலையத்தின் பொறுப்பாளர் ஹரிணி, மிருதுளாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். புருஷனின் முறையைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கத்தான் மிருதுளா அவளிடம் போனாள். ஹரிணி சிரித்துக்கொண்டே விஷயத்தை விளக்கினாள்.

"மொதல்ல பட்டியல் போட்டுக் காட்டினாங்க புள்ள. மேல இருக்கறத எல்லாரும் அமுக்கினாங்க. சரின்னு ஆளுக்கு ஒரு வரிசையாக் கலைச்சுப் போட்டாங்க. அன்னம் எந்த மூலைல இருந்தாலும் தேடிப் புடிச்சு அமுக்கினாங்க. பேரை மறைச்சா, படத்தப் பாத்து அமுக்கினாங்க. படத்தையும் எடுத்தா, எங்க அன்னத்தக் காணோம்னு மனு எழுதினாங்க. அப்பறந்தான் ஆணையத்துக்குப் புரிஞ்சுது. கோளாறு பட்டியல்ல இல்ல, பழக்கத்துல இருக்குதுன்னு."

அதற்காகவே ஒரு நெற்றிப்பட்டை வந்திருந்தது. கட்டிக்கொண்டால் அரைமணி நேரத்துக்குப் பழக்கமெல்லாம் தூங்கிப்போகுமாம். பேச்சும் படிப்பும் அப்படியே இருக்கும். எது தன்னுடையது, எது பழகினது என்பது மட்டும் தெரியாது. பட்டை ஊற இருபது நிமிஷம் கூடத்தில் உட்கார வேண்டும். மீதிப் பத்து நிமிஷத்தில் உள்ளே போய்ப் பன்னிரண்டையும் பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும். இதைவிட நியாயமான தேர்வு உலகத்தில் எங்கேயும் இல்லை என்று ஆணையம் மார்தட்டிக்கொண்டது.

"உலாவிப் பழக்கம் மட்டுந்தான போகும்?" என்று கேட்டாள் மிருதுளா.

"அத மட்டும் தனியா உருவ முடியலையாம். எல்லாமே ஒட்டுக்காத்தான் வருமாம்."

"ஊட்டுக்காரங்களையும் தெரியாமப் போயிருமா?"

ஹரிணி சுவரைக் காட்டினாள். தேர்வாளரின் குடும்பத்தார் எவரும் கூடத்தில் இருக்கக் கூடாது என்று முதல் விதியாகவே எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று: பட்டைக்குக் கட்டுப்படாதவர்கள் பிடிவாதப் பழக்கமுள்ளவர்களாகக் கருதப்பட்டு ஈரோடு தலைமை நிலையத்துக்கு மூன்று நாள் சிகிச்சைக்கு அனுப்பப்படுவார்கள்.

ஊரில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. கச்சேரிமேட்டு ஷர்மிளா பட்டையோடு வெளியே நடந்து, நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஊட்டி பஸ்ஸில் ஏறிவிட்டாள். சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது பாவம், பட்டை செய்த வேலை என்று மாமியார்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு வீட்டு மனுஷர் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம், தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சத்தியம் செய்தாராம்.

லோகேஷ் என்ன செய்வார்?

அவர் கோபி பஸ் ஸ்டாண்டில் முப்பத்துநான்கு வருஷம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரோட்டுக்குப் போகிற எந்த பஸ்ஸும் நடைமேடையில் ஆறு நிமிஷம் நிற்கலாம். ஏழாவது நிமிஷம் அவர் விசில் ஊதினால், முதலாளியே ஓட்டுநராக உட்கார்ந்திருந்தாலும் வண்டி நகர்ந்தாக வேண்டும். பாட்டு நன்றாகப் போடுகிற பஸ்ஸுக்குத்தான் கூட்டம் நிற்கும், ஆனாலும் எல்லா பஸ்ஸுக்கும் ஆறே நிமிஷம்தான். வீட்டிலும் அப்படித்தான். ஐந்து பத்துக்குக் காப்பி. ஏழு மணிக்குச் செய்தி. மனைவியைக் கூப்பிட 'இந்தா' என்ற ஒரே சொல். அதற்கு மேல் பேச்சு வேண்டுமென்றால் மிருதுளாதான் இரண்டு பேருக்குமாகப் பேச வேண்டும்.

ஒன்று மட்டும் செய்வார். தினமும் காலையில் அவளுடைய செருப்பை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பார், இறங்கினதும் கால் நுழைக்க வசதியாக. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து அவளுக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது அங்கே எல்லா பஸ்ஸும் வெளிப்பக்கம் பார்த்தே நிற்கக் கண்டாள். அன்றிலிருந்து இந்த மனுஷர் செய்வது பிரியத்திலா, பழக்கத்திலா என்று முப்பத்துமூன்று வருஷமாக ஒரு சந்தேகம். அவள் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ.

அவளுக்குக் காட்டிய ஒரே மாப்பிள்ளை அவர். அவருக்குக் காட்டிய ஒரே பெண் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பார்த்து, காப்பி குடித்து முடிவு செய்துவிட்டுப் போனார்கள். இப்போது ஆணையத்துக்காரன் பட்டையைக் கட்டி அந்தப் பழக்கத்தை உருவிவிட்டால், அடியில் ஏதாவது மிச்சம் இருக்குமா? அவர் மறுபடி அவளை எடுப்பாரா? மிருதுளாவுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தெரிந்துவிடுமோ என்று பயமும் அதுவேதான்.

பயத்தைவிட ஆசை ஒரு பிடி கூடுதலாக இருந்தது. செவ்வாய்க்கிழமை லோகேஷ் முன்வாசலில் வரிசையில் நின்றபோது மிருதுளா பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தாள். ஹரிணி முதலில் கூடவே கூடாது என்றாள், அப்புறம் தலையிலடித்துக்கொண்டாள், அப்புறம் என்னவோ தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, விதியை வாசித்துக் காட்டிவிட்டேன், இனி என் மேல் தப்பில்லை என்று போய்விட்டாள்.

லோகேஷ் நெற்றியில் நீலப் பட்டையோடு வந்தார். மிருதுளாவைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார். சுவரில் இருந்த விதிகளை மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அப்புறம் ஒரு நாற்காலி இடம் விட்டு மரியாதையாக உட்கார்ந்தார்.

"ஏனுங்க, வந்து நெம்ப நேரம் ஆச்சுங்களா?" என்றார்.

அந்த 'ங்க'வைக் கேட்டு மிருதுளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பத்துமூன்று வருஷத்தில் வராத 'ங்க'. இப்பத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு, தன் குரல் தன்னைக் காட்டிக்கொடுக்கிறதோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சலவை செய்த துணி மாதிரி இருந்தது முகம். கையிலிருந்த வரிசைச் சீட்டைப் பார்த்துத் தன் பெயர் லோகேஷ் என்று போட்டிருப்பதாகவும், அப்படித்தான் இருக்கும் என்றும் தெரிவித்தார். அவள் துணிந்து கேட்டாள்.

"கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"ஆயிருக்கோணும். இந்தப் பித்தானப் பாருங்க. வெள்ளச் சட்டைக்குக் கறுப்பு நூல்ல தைச்சிருக்குது. சொந்தப் பொண்டாட்டியத் தவுத்து வேற யாருக்குங்க இந்த தைரியம் வரும்?"

மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த மனுஷருக்கு வேடிக்கையாகப் பேச வருமா? அவர் விடவில்லை. வரிசை நீளுமென்று அவள் கட்டிக் கொடுத்திருந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். தக்காளிச் சோறு. கடுகு கருகியிருக்கிறது, அந்தம்மாவுக்கு அடுப்பு முன்னால் நிற்கப் பொறுமையில்லை என்றார். பாவம், வேலை நிறைய இருந்திருக்கும் என்று அந்தம்மாவுக்காக மிருதுளா வாதாடினாள். இருக்கலாம், ஆனால் மூடியிலேயே கருகல் வாசம் ஊறிப்போயிருக்கிறது, இது வருஷக்கணக்கான கருகல் என்றார் அவர். கைக்குட்டையை விரித்து, நாலு மடிப்பு மடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு கறையைத் துவைக்கத் தெரியவில்லை என்றார். நிறையப் பேசுகிறவராகவும் இருக்க வேண்டும், தன் காது மடலே கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோய் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள் என்றார். மிருதுளா தாங்க முடியாமல் சத்தமாகச் சிரித்துவிட, கூடத்தில் இருந்த ஐந்தாறு ஆண்கள் வெறித்த பார்வையைக் கலைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாக மறுபடி வெறித்தார்கள்.

இவ்வளவு குறையையும் இவர் எங்கே வைத்திருந்தார்? பழக்கத்துக்கு அடியில் இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாரா?

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நிமிஷத்தில் உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். மிருதுளா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்ற பீடிகையோடு கேட்டேவிட்டாள்.

"உள்ள பன்னண்டு உலாவியக் காட்டுவாங்க. அந்த மாதிரி பன்னண்டு பொம்பளைங்களக் காட்டி, நடுவுல அந்தம்மாவையும் வெச்சா, எடுப்பீங்களா?"

லோகேஷ் டப்பாவை மூடினார். மூடியை இரண்டு தடவை அழுத்தினார்.

"அந்தப் பக்கம் இருந்து கேளுங்க அம்மிணி. அந்தம்மாவுக்குப் பன்னண்டு ஆம்பளைங்களக் காட்டியிருந்தா என்னை எடுத்திருப்பாங்களா? நானு கண்ணாடியோட போட்டு வித்த உலாவியாட்ட. பட்டியல் காட்டாததுல லாபம் எனக்குத்தானுங்க. அந்தம்மாவுக்கு என்ன லாபம்னு கேக்கலாம். கேக்கறதுக்குத்தான் பயம்."

அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

உள்ளே அவர் எடுத்தது தேனீ. சாயங்காலம் ஐந்து பத்துக்கு வீட்டில் காப்பி குடித்தார். 'இந்தா' என்றார். ஏழு மணிக்குச் செய்தி கேட்கப் போனால் தேனீ செய்திக்கு முன்னால் கொடிவேரி அணையில் தண்ணீர் எவ்வளவு, இன்றைக்கு யாருக்கெல்லாம் பிறந்தநாள் என்று தேன் ஒழுகப் பேச, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஊரெல்லாம் அதே கதைதான். அன்னத்தை எடுத்தவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்று ஆணையம் பெருமையாக அறிவித்தது. எடுத்ததோடு எப்படி வாழ்வது என்று தெரியாமல் ஜனங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ச் செய்தி விசாரித்தார்கள்.

மிருதுளா காத்திருந்தாள். கூடத்தில் பார்த்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திருட்டுத்தனமாகப் போனவள், தானாக எப்படிக் கேட்பாள்? புதன்கிழமை வேண்டுமென்றே கடுகைக் கரியாக்கித் தக்காளிச் சோறு வைத்தாள். சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், எழுந்து போனார். பழக்கம் திரும்பிவிட்டது, அந்த ஆள் போய்விட்டான் என்று முடிவு செய்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஆளை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. புருஷன் பக்கத்தில் படுத்திருக்கும்போது வேற்று மனுஷரை நினைக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சிகூட வந்தது. நினைத்தது அவரைத்தானா இல்லையா என்பதை எந்த ஆணையத்தில் போய்க் கேட்பது?

வியாழக்கிழமை அவளுடைய முறை. இப்போது பயம் வேறு மாதிரி இருந்தது. தனக்குப் பட்டையைக் கட்டினதும் தானே அவரைத் தாண்டிப் போய்விட்டால்? அவர் சொன்னது பலித்துவிட்டால்? உள்ளங்கையில் பேனாவால் 'லோகேஷ்' என்று எழுதிக்கொண்டு போனாள். ஹரிணி அதைப் பார்த்து, வெளிச் செல்வாக்கு என்று சொல்லி, சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொன்னாள்.

பட்டையைக் கட்டினார்கள். அது வண்டு மாதிரி ரீங்கரித்தது. மிருதுளா கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் தன்னை விட்டுப் போவதற்குக் காத்திருந்தாள்.

ஒன்றும் போகவில்லை. சமையல் கேஸ் புத்தகத்தின் எண் நினைவிருந்தது. கல்யாணத்தன்று நாத்தனார் சொன்ன குத்தல் வார்த்தை நினைவிருந்தது. லோகேஷ் நினைவிருந்தார், கால் கட்டைவிரல் நகத்தின் வெடிப்பு முதற்கொண்டு.

தனக்கு மட்டும் பட்டை வேலை செய்யவில்லை என்று ஹரிணியைக் கூப்பிட வாயெடுத்தவளின் கண்ணில் சுவர் பட்டது. பிடிவாதப் பழக்கம், ஈரோடு, மூன்று நாள். வாயை மூடிக்கொண்டாள். மற்ற பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். எல்லாரும் பச்சைக்குழந்தை மாதிரி விழித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், சரியாகப் பதினொன்றாகும்போது பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்து விழுங்கினார், யாராவது கவனித்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார், உடனே மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பி, இது என்ன பண்டம் என்பது போல் ஆராய ஆரம்பித்தார்.

மிருதுளாவுக்கு மெல்லப் புரிந்தது. ஊரே இப்படித்தான். தனக்கு மட்டும் வேலை செய்யவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, பட்டை பலித்ததைக் காட்டுவதற்காக அன்னத்தை விட்டு வேறு எதையோ எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அப்படியானால் ஷர்மிளா? அடிப்பாவி, ஊட்டியை ஆசை தீரப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

அப்படியானால் செவ்வாய்க்கிழமை?

மிருதுளாவின் காது சுட்டது. பித்தான், கடுகு, கறை, காது மடல், அத்தனையும் அவளைத் தெரிந்தே, அவள் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறார். அவளைப் பார்த்தார், விதியைப் படித்தார், மறுபடி அவளைப் பார்த்தார். ஏழாவது நிமிஷம் எந்த பஸ்ஸையும் நிற்க விடாத மனுஷர். பட்டை கட்டினவனுக்கு மனைவியைத் தெரியக் கூடாது என்று அரசாங்கம் எழுதி வைத்திருந்தால் அவருக்குத் தெரியாதுதான். கோபம் மளமளவென்று ஏறிவந்து உச்சந்தலையைத் தொட்டது. அப்புறம் கடைசியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. கேட்பதற்குத்தான் பயம் என்றாரே, அதையும் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். ஏறின கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. லோகேஷ் இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே வந்தார். மிருதுளா ஹரிணியை முறைத்தாள். ஹரிணி குனிந்து காதருகே சொன்னாள்.

"செவ்வாக்கெழமை உன்னை உட்டேன். இன்னைக்கு அவர உடலீன்னா அது நியாயமா? நான் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லாத."

அவர் ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார். வெயில் அதிகம் என்றார். ஆமாம் என்றாள். மழை வந்தால் தேவலை என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் அந்த ஆள் எழுந்து போய்விடுவான், 'இந்தா' என்கிற ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். மிருதுளா பச்சைக்குழந்தை மாதிரி விழித்தாள். இதில் அவள் ஒன்றும் மட்டமில்லை.

கடைசியில் அவரே, தொண்டையைச் செருமிக்கொண்டு, உலாவியைப் பற்றி மட்டும் விசாரிக்கிறவர் குரலில் கேட்டார்.

"பன்னண்டு காட்டுவாங்களாமுங்க. எத எடுக்கறதா இருக்கறீங்க?"

"பன்னண்டையும் பாத்துட்டுச் சொல்றனுங்க. பாக்காமச் சொன்னா அது நியாயம் ஆகுங்களா?"

ஆகாதுதான் என்று அவருக்குள் இருந்த நேரக் காப்பாளர் தலையசைத்தார். ஆனால் வலது கால் நாற்காலிக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

உள்ளே போனவள் சொன்னபடியே செய்தாள். அந்த ஊரில் பன்னிரண்டையும் உண்மையாகப் பார்த்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். வெட்டுக்கிளி ஒரு இடத்தில் நில்லாமல் தாவியது. மைனா எதைக் கேட்டாலும் வாசித்துக் காட்டியது. தேனீ வாசற்படியிலேயே அவளுக்குப் பிறந்தநாள் எப்போது என்று கேட்டது. தோணி ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் எதைத் தேடினீர்கள் என்பதை நான் வைத்துக்கொள்ளவும் மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன் என்று இரண்டே வரி எழுதிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. அது அவளுக்கு நெருக்கமாகப் பட்டது. இத்தனை வருஷமும் அன்னம் அவள் தேடினதையெல்லாம் ஊருக்கு விற்று, முட்டிவலித் தைல விளம்பரமாகக் காட்டிக் கழுத்தறுத்தது. தோணிதான் சரியானது. விரலைக் கொண்டுபோனாள்.

பக்கத்தில் நின்ற ஹரிணி, விதிப்படி ஒரு எச்சரிக்கையைப் படிக்க வேண்டியிருந்தது, படித்தாள். பழைய உலாவியையே எடுப்பவருக்குப் பட்டை சரியாக ஊறவில்லை என்று பொருள். அவர் கூடத்தில் இன்னொரு அரைமணி நேரம் உட்கார வேண்டும். மூன்றாவது தடவையும் அதையே எடுத்தால்தான் ஈரோடு.

மிருதுளாவின் விரல் தோணிக்கு மேலேயே நின்றது.

"ரெண்டு தடவை வரைக்கும் ஈரோடு இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"உக்காந்துட்டு வந்தாப் போதும்?"

"அதே நாக்காலில," என்றாள் ஹரிணி. இப்போது அவள் சிரிப்பை அடக்கவே இல்லை.

மிருதுளா வரிசையில் ஒன்பதாவதாக இருந்த அன்னத்தைத் தேடிப் பிடித்து அமுக்கினாள்.

கூடத்துக் கதவைத் திறந்து ஹரிணி உரக்க அறிவித்தாள். பதினேழாம் எண், அன்னம் எடுத்திருக்கிறார், மறுபடி அரைமணி நேரம். பச்சைக்குழந்தைகள் அத்தனை பேரும் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். லோகேஷ் எழுந்தே நின்றுவிட்டார். மிருதுளா வந்து தன் இடத்தில் உட்கார்ந்தபோது, அவர் குரல் தணிந்திருந்தது.

"ஏனுங்க அம்மிணி, அத எடுத்தா மறுபடி உக்கார வெப்பாங்கன்னு அவங்க சொல்லலீங்களா?"

"சொன்னாங்க."

"பன்னண்டையும் பாத்தீங்களா?"

"ஒண்ணு உடாமப் பாத்தனுங்க."

"பாத்துட்டுமா?"

"பாத்துட்டுத்தானுங்க."

லோகேஷ் அவளையே பார்த்தார். பட்டை கட்டினவள் கண்ணில் இருக்க வேண்டிய வெறிப்பைத் தேடினார், கிடைத்தது அவரை நன்றாகத் தெரிந்த பார்வை. அவருடைய கண் ஒருதரம் சுவரில் இருந்த விதிகளின் பக்கம் போனது. பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டது. நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். அந்தம்மாவைப் பற்றி அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனது இன்னும் நிறைய இருக்கிறது, எல்லாமே குறை இல்லை, கேட்க நேரம் இருக்குமா என்று விசாரித்தார்.

மிருதுளா கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பது நிமிஷம் இருந்தது. அது முடிந்ததும் உள்ளே போய் இன்னொரு தடவை அன்னத்தை அமுக்கினால் இன்னொரு முப்பது. மூன்றாவது தடவை தோணியை எடுத்துக்கொள்ளலாம். நல்ல உலாவி. அவசரப்படுத்தாது.